எடுபிடியைச் சேர்த்தோ?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் வேலை செய்து ஓய்வுபெற்ற கப்பல் முகவர் நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார். நிறுவனம் மலர் ஒன்று வெளியிடப் போகிறதாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமாம்.

"நீங்கள் முதன்முதல் என்ன வேலைக்கு வந்தனீங்கள் ஐயா?" என்று கேட்டார்.

"எடுபிடி" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ ஐயா. பதவியின்ர பேரைச் சொல்லுங்கோ."

"அதுதான் பிள்ளை பேர். வேற பேர் இருக்கேல்லை."

"அப்பிடிப் போட ஏலாது ஐயா. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? களப்பணி உதவியாளர் எண்டு போடட்டோ?"

"போடலாம். ஆனா அப்பிடி ஒரு ஆள் எங்களோட வேலை செய்யேல்லை."

அவர் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போனார். இப்போது இறங்குதுறை வாசலில் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம். படகில் எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது அலுவலகத்துத் திரையில் தானாகவே தெரியுமாம். "முந்தி இதெல்லாம் இல்லாத காலத்தில ஆக்களை எப்பிடி எண்ணினனீங்கள் ஐயா?" என்று சும்மாதான் கேட்டார். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நாள் குறித்து வைப்பது என் பழக்கம். ஆனாலும் இதில் வருபவர்களின் பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருப்பதால் சரியான திகதியைத் தரவில்லை. கடல்கோள் வந்த மார்கழிக்கு முந்திய மார்கழி, ஒரு வெள்ளிக்கிழமை. அவ்வளவு போதும்.

முதலில் அந்தச் சொல். நான் புரட்டிய அகராதிகள் எல்லாம் ஏவிய வேலையைச் செய்பவன் என்ற அளவில் எடுபிடியை முடித்துவிடுகின்றன. புழக்கத்தில் அது இடத்துக்கு இடம் மாறும். கலியாண வீட்டில் பெண்ணின் சொந்த மாமனே "நான் எடுபிடி வேலைக்கு நிக்கிறன்" என்று உரிமையோடு சொல்லுவார். அரசியல் மேடையில் அதே சொல்லுக்கு மானநட்ட வழக்குப் போடுவார்கள். கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், பியோன் இருந்தார். அவருக்குச் சீருடையும் ஓய்வூதியமும் இருந்தபடியால் அவரை யாரும் எடுபிடி என்று சொல்லமாட்டார்கள். எங்கள் துறைமுகத்தில் அது ஒருவரைக் கூப்பிடும் சொல். "எடுபிடி, இஞ்ச வா." "எடுபிடியிட்டக் குடுத்துவிடுங்கோ." சொல்பவருக்குக் கோபமும் இல்லை, கேட்பவருக்கு வருத்தமும் இல்லை. அதனால்தான் அது என்ன செய்கிறது என்று அவ்வளவு காலமும் எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனது.

நான் தம்பலகாமத்தான். உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு, வயலில் நிற்க மனமில்லாமல் திருகோணமலை நகரத்துக்கு வந்தேன். முதல் வருடம் எடுபிடி. ஆங்கிலத்தில் தட்டச்சுத் தெரிந்தபடியால் அடுத்த வருடம் மேசையும் கதிரையும் கிடைத்தன. பிறகு கப்பலுக்குப் போய்வரும் எழுதுவினைஞன் ஆனேன். என்னுடைய பழைய இடத்துக்கு நாலைந்து பேர் வந்து போனார்கள். நிலைத்து நின்றவர் மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானைச் சேர்ந்த யோகநாதன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் அவரை யோகண்ணை என்பேன். மற்ற எல்லாருக்கும் அவர் எடுபிடிதான்.

அவருடைய வேலைக்குக் கரை இல்லை. கப்பல் சமையற்காரன் கறிவேப்பிலை கேட்டால் சந்தைக்கு ஓடவேண்டும். இயந்திர அதிகாரியின் மூக்குக்கண்ணாடி உடைந்தால் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரவேண்டும். சுங்க அதிகாரியின் குடை, சுகாதார வைத்தியரின் பை, எல்லாருடைய மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அவர் கையில். இவற்றோடு, கடலில் இருந்து கரையோடு பேசும் கைவானொலியும் அவரிடம்தான் இருக்கும்.

எங்கள் மேலாளர் பேரின்பம் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொலைபேசியில் பெரிய அதிகாரி பேசுகிறார் என்றால் அவர் கதிரையை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தே மறுமுனையில் இருப்பவரின் பதவியை நாங்கள் ஊகிப்போம். யாரையும் பதவிப் பெயர் சொல்லாமல் குறிப்பிடமாட்டார். ஒரு முறை நான் தட்டச்சு செய்த கடிதத்தில் 'உதவி' என்ற சொல் விடுபட்டு, உதவி அத்தியட்சகர் ஒருவர் அத்தியட்சகர் ஆகிவிட்டார். ஐயா கடிதத்தை இரண்டு விரலால் தூக்கி என் மேசையில் வைத்து, "இவருக்கு நீர் பதவி உயர்வு குடுத்திட்டீர் தம்பி, பெரியவர் எங்க போறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் வைப்பதுதான் மரியாதை என்று உண்மையாகவே நம்பியவர். யோகண்ணையின் மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியபோது முடிவை முதலில் விசாரித்தவரும் அவர்தான். "எடுபிடி, பிள்ளை பாஸோ?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அவர் ஏற்படுத்திய ஒரு வழக்கம் உண்டு. இறங்குதுறையை விட்டு லோஞ்ச் புறப்படுமுன், அதாவது எங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் சிறிய இயந்திரப் படகு புறப்படுமுன், யார் யார் போகிறார்கள் என்று வானொலியில் சொல்லவேண்டும். அதற்கு ஆள் சொல்லுதல் என்று பெயர். பெயர்கள் வேண்டியதில்லை. பதவி வரிசையில் சொன்னால் போதும். "சுகாதாரம் ஒண்டு. சுங்கம் ஒண்டு. முகவர் ஒண்டு. லோஞ்ச் ரெண்டு. எல்லாமா அஞ்சு." ஐயா கரையில் இருந்து "அஞ்சு. போயிட்டு வாங்கோ" என்பார். திரும்பி வரும்போதும் அதேபோல. அமைதி உடன்படிக்கைக் காலம் என்றாலும் கடலில் கடற்படை நின்றது. எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் உடனே பதில் வேண்டும். நல்ல வழக்கம்தான். சொல்பவர் எப்போதும் எடுபிடி.

அந்த வெள்ளிக்கிழமை காலை வாடைக்காற்று பலமாக இருந்தது. கோதுமை ஏற்றிய கப்பல் ஒன்று குடாவில் நங்கூரமிட்டு மஞ்சள் கொடியோடு நின்றது. சுகாதார வைத்தியர் ஏறிப் பார்த்து அனுமதி கொடுக்கும்வரை அந்தக் கொடி இறங்காது. வேறு யாரும் ஏறவும் முடியாது. வைத்தியர், சுங்க அதிகாரி, நான், லோஞ்ச் ஓட்டும் மூதூர் காசிம் நானா, அவருடைய கயிறு பிடிக்கும் ஆள். யோகண்ணை வழக்கம்போல ஆள் சொன்னார். அஞ்சு. புறப்பட்டோம்.

கப்பலின் ஓரத்தில் சாய்வுப் படி ஒன்று தொங்கும். அதன் அடியில் ஒரு தட்டு இருக்கும். அலை லோஞ்சைத் தூக்கும்போது அந்தத் தட்டில் கால் வைத்து ஏறவேண்டும். வைத்தியர் எழுந்து நின்றார். அந்த நேரம் வந்த அலை லோஞ்சைத் தட்டுக்கு மேலே உயர்த்தியது. லோஞ்சின் விளிம்பு தட்டில் கொழுவிக்கொண்டது. அலை இறங்கியது. லோஞ்ச் இறங்கவில்லை. ஒரு பக்கம் மேலே தொங்க, மறுபக்கம் கடலுக்குள் போனது. நாங்கள் எல்லாரும் தண்ணீருக்குள்.

நான் மேலே வந்தபோது லோஞ்ச் கவிழ்ந்து, அடிப்பாகம் தெரிய, கப்பலின் பின்பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதன் இந்தப் பக்கம் நாங்கள் தொற்றிக்கொண்டோம். வைத்தியரின் வலது கை முறிந்திருந்தது. சுங்க அதிகாரிக்கு நீந்தத் தெரியாது. காசிம் நானா ஒரு கையால் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்தார். கப்பலில் இருந்தவர்கள் மிதவை வளையங்களை எறிந்துவிட்டு, பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ கத்தினார்கள். அவர்கள் மொழி எங்களுக்கு விளங்கவில்லை. கப்பலைத் தள்ளும் சுழலிக்குக் கிட்டப் போகவேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்தேன்.

நல்ல காலம், மூதூர் மீன்பிடிப் படகு ஒன்று கண்டுவிட்டு வந்தது. காற்றில் அதை ஓட்டிவந்தவர் கத்திக் கேட்டார்:

"எத்தின பேர் மொத்தம்?"

"அஞ்சு பேர். அஞ்சு பேர்" என்று தெளிவாகப் பதில் வந்தது.

அவர்கள் எங்களை ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினார்கள். வைத்தியரை ஏற்றத்தான் நேரம் எடுத்தது. அவர் வலியில் கத்தினார். சின்னப் படகு, விளிம்புவரை தண்ணீர். "அஞ்சும் சரி" என்று சொல்லி இயந்திரத்தை முடுக்கிக் கரையை நோக்கித் திருப்பினார்கள். நான் உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். மனதில் பிழைத்துவிட்டோம் என்ற ஒரே நினைப்பு.

கொஞ்சத் தூரம் வந்திருப்போம். காசிம் நானா படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வைத்தியரைப் பார்த்தார், சுங்க அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அஞ்சு பேரெண்டு சொன்னது ஆரு?" என்று கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொன்னியா?"

"நான் இல்லை நானா."

கயிறு பிடிக்கும் ஆள் தலையாட்டினான், தான் இல்லையென்று. வைத்தியரும் சுங்க அதிகாரியும் பேசும் நிலையில் இருக்கவில்லை. ஐந்து பேர் என்று சொன்னது எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் அல்ல. உடம்பில் இருந்த குளிரெல்லாம் போய் வேறொரு குளிர் என்னைப் பிடித்தது.

"திருப்புடா படகை" என்றார் காசிம் நானா.

"நானா, இந்த ஆளுக்குக் கை முறிஞ்சு கிடக்கு, படகில தண்ணியும்..."

"திருப்பு. எடுபிடி கிடக்கிறான் கடலுக்குள்ள."

கவிழ்ந்த லோஞ்சின் மறுபக்கம் போனோம். அங்கே அவர் இல்லை. லோஞ்சின் சுழலித் தண்டில் அவர் உடுத்திருந்த சாரத்தின் கிழிந்த துண்டு ஒன்று சுற்றிக்கிடந்தது. நான் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காற்று அதைத் திருப்பி என் வாய்க்குள் தள்ளியது. கப்பல்காரர்கள் மேலே இன்னும் அதே பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர்கள் தொடக்கத்தில் இருந்தே என்ன காட்டினார்கள் என்று விளங்கியது. அந்தத் திசையில் போனோம். ஒரு மிதவை வளையத்துக்குள் ஒரு கையைக் கொழுவியபடி, தலை ஒரு பக்கம் சரிய, அவர் மிதந்துகொண்டிருந்தார்.

இழுத்துப் போட்டதும் இருமினார். இருமி முடித்ததும் சட்டைப் பையைத் தடவி, இயந்திர அதிகாரியின் புதுக் கண்ணாடிக் கூடு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"யோகண்ணை, ஏன் அஞ்சு எண்டு சொன்னனீங்கள்?"

பல்லுக் கிட்டிக்கொண்டே சொன்னார்: "அஞ்சு பேர்தானே தம்பி."

"அப்ப நீங்கள்?"

என்னைப் பார்த்தார். நான் ஏதோ விசர்க் கேள்வி கேட்டதுபோல ஒரு பார்வை. "நான்தானே சொல்லுற ஆள்" என்றார்.

எடுபிடியாக இருந்த அந்த முதல் வருடம் முழுவதும் நானும் இதே இறங்குதுறையில் இதே ஆளைச் சொன்னவன். எத்தனையோ காலைகள். என்னைச் சேர்த்ததாக ஒரு ஞாபகமும் இல்லை. சேர்க்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

கரையில் வண்டி வந்து வைத்தியரைக் கொண்டுபோனது. மற்றவர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டகைக்குள் இருந்தோம். பேரின்பம் ஐயா நடுங்கிப்போய் நின்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை; எங்களைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது உண்மை. ஒவ்வொருவருடைய தோளையும் தொட்டார். பிறகு சுற்றிப் பார்த்து, பழக்கத்தில், மெல்லிய குரலில், "எடுபிடி, ஐயாமாருக்குத் தேத்தண்ணி கொண்டு வா" என்றார்.

சாக்குக்குள் இருந்து யோகண்ணை எழும்பினார்.

எழும்பினார் என்பதை நான் வேண்டுமென்றே தனியாக எழுதுகிறேன். கடலில் இருந்து வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. காலில் இரத்தம் வடிந்தது. தேத்தண்ணிக் கேத்தல் இருந்த பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டார். காசிம் நானாதான் கையைப் பிடித்து இருத்தினார்.

"இரு வாப்பா. நீ கடலுக்குள்ள கிடந்தவன்."

ஐயா திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். "இவனும் போனவனோ?"

"ஓம் ஐயா" என்றேன். "நீங்கள் கடற்படைக்கு என்ன சொன்னனீங்கள்?"

"மீன்காரர் ஆக்களை ஏத்தினதெண்டு அவங்கள் எடுத்துச் சொன்னவங்கள். அஞ்சு பேரோ எண்டு கேட்டவங்கள். ஓம், அஞ்சு பேர் போனவை, அஞ்சு பேரும் சரியெண்டு சொன்னனான். தேடுற படகு வெளிக்கிட நிண்டது, வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஆறு பேர் போனது ஐயா."

அவர் விரலை மடக்கி எண்ணினார். சுகாதாரம், சுங்கம், முகவர், லோஞ்ச் இரண்டு. ஐந்தில் நின்றார். மறுபடி முதலில் இருந்து எண்ணினார். மறுபடியும் ஐந்து. யோகண்ணை அவருக்கு முன்னால் இருந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடியே எண்ணினார்.

"எடுபிடியைச் சேர்த்தோ?" என்றார் கடைசியில்.

என் வாழ்க்கையில் கேட்ட கேள்விகளில் இதைப்போல என்னை அதிரவைத்தது வேறில்லை. போர்க்காலத்தில் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பகை இருந்தது. இதில் பகை இல்லை. எடுபிடியையும் எண்ணவேண்டுமா என்று உண்மையிலேயே அறிய விரும்பினார்.

"சேர்க்காம என்ன ஐயா?"

"இல்லைத் தம்பி, எதில சேர்க்கிறது? அவன் அதிகாரி இல்லை. லோஞ்ச் ஆளும் இல்லை. எங்கட சம்பளப் புத்தகத்தில எழுதின ஆளும் இல்லை. எந்த வரிசையில..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் சொல்லிக்கொண்டிருப்பது என்ன என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்கவேண்டும். கதிரையைத் தேடி இருந்தார். அவர் கதிரையில் பின்னால் சாய்ந்ததை அன்றுதான் முதன்முறை கண்டேன்.

"நான் வேண்டாமெண்டெல்லோ சொல்லிப்போட்டன்" என்றார். யாருக்கும் சொல்லவில்லை. "தேடுற படகை நானெல்லோ நிப்பாட்டினது."

யோகண்ணைக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "பரவாயில்லை ஐயா, நான்தானே அஞ்செண்டு சொன்னனான்" என்றார். அந்த ஆறுதல் எங்களை இன்னும் மோசமாக்கியது. காசிம் நானா எழும்பி வெளியே போய்விட்டார். தேத்தண்ணி யாரும் ஊற்றவில்லை.

சனி, ஞாயிறு எனக்கு நித்திரை இல்லை. நடந்ததைவிட, நடந்திருக்கக்கூடியதுதான் என்னைத் தின்றது. காசிம் நானா அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், ஐந்து பேரும் பாதுகாப்பாகக் கரை சேர்ந்தார்கள் என்ற செய்தி திருகோணமலை முழுக்கப் போயிருக்கும். அதில் ஒரு சொல்லும் பொய் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மூதூருக்குப் பின்னேரப் படகில் யோகண்ணை வராததைக் கண்டு, அவருடைய மனைவி அடுத்த நாள் அலுவலக வாசலில் வந்து நின்று கேட்டிருப்பா. அதுவரை அவர் இல்லாததை யார் கண்டிருப்போம்? தேத்தண்ணி வராதபோது கண்டிருப்போம். அதற்குமேல் யோசிக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வாடகைக்கு எடுத்த வேறொரு லோஞ்ச். கோதுமைக் கப்பல் இன்னும் கொடியோடு நின்றது. வைத்தியருக்குப் பதிலாக வேறொருவர் வந்திருந்தார். சுங்க அதிகாரி வரப் பயந்து வேறொருவரை அனுப்பியிருந்தார். யோகண்ணை காலில் கட்டோடு வந்தார். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

வானொலியை எடுத்தபோது அவருடைய காதுக்குக் கிட்டச் சொன்னேன்: "அண்ணை, இண்டைக்கு உங்களையும் சொல்லுங்கோ."

"என்னண்டு தம்பி சொல்லுறது?"

"பேரைச் சொல்லுங்கோ."

அவர் பொத்தானை அழுத்தினார். "சுகாதாரம் ஒண்டு. சுங்கம் ஒண்டு. முகவர் ஒண்டு. லோஞ்ச் ரெண்டு." கையை எடுத்துவிட்டார். மறுபடி அழுத்தினார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி எடுத்தார். காசிம் நானா இயந்திரத்தைத் தணித்துவிட்டு, "சொல்லு வாப்பா, அலை ஏறுது" என்றார்.

"யோகநாதன் ஒண்டு" என்றார் யோகண்ணை.

வானொலி சிறிது நேரம் இரைந்தது. பிறகு பேரின்பம் ஐயாவின் குரல், பெரியவர்களோடு பேசும்போது வரும் அதே பவ்வியமான குரல், கேட்டது:

"யோகநாதன் எண்டது ஆர்? எந்தத் திணைக்களம்?"

பதினொரு வருடமாக ஒவ்வொரு காலையும் அந்தக் குரலோடு பேசியவர் வானொலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். புது வைத்தியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல். யோகண்ணை பொத்தானை அழுத்தினார்.

"கதைக்கிற ஆள்தான் ஐயா."

லோஞ்ச் இறங்குதுறையில் முட்டி முட்டி விலகியது. நெடுநேரம் கழித்து, தளர்ந்த குரலில், ஐயா கேட்டார்:

"எல்லாமா எத்தினை எண்டு நீங்களே ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ."

யோகண்ணை எண்ணவில்லை. "ஆறு" என்றார்.